பார்வையிழந்த முன்னாள் படைவீரர் அமைப்பில் சேர யாருக்குத் தகுதி உண்டு: பிரிட்டனில் விண்ணப்பிக்க உதவுவோருக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் பார்வையிழந்த முன்னாள் படைவீரர்களுக்காக நூறாண்டுக்கும் மேலாக இயங்கிவரும் தொண்டு நிறுவனம் ‘பிளைண்ட் வெட்டரன்ஸ் யூகே’ என்று அழைக்கப்படுகிறது. 2012 வரை அதன் பெயர் ‘செயின்ட் டன்ஸ்டன்ஸ்’. அதில் சேரத் தகுதி பெற்ற முதியவர்கள் பலர் விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுகிறார்கள். “அது போரில் கண் போனவர்களுக்கான இடம், எனக்கு எண்பது வயதுக்கு மேல், வீட்டில் இருந்தபடிதான் பார்வை மங்கியது” என்று தாங்களாகவே தங்களை விலக்கிக்கொள்வதுதான் இதற்குப் பெரிய காரணம். ஆனால் அமைப்பு கேட்பது இரண்டே கேள்விகள். இவர் படையில் பணியாற்றியவரா? இவருடைய இரண்டு கண்களிலும் பார்வை கடுமையாகக் குறைந்திருக்கிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்ற விடை இருந்தால் போதும். முதலாவதால்தான் இரண்டாவது நேர்ந்தது என்று நிறுவ வேண்டிய தேவை இல்லை.

பிரிட்டனில் முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் மருந்துக் கடைகளிலும் கண்ணாடிக் கடைகளிலும் பணிபுரியும் தமிழர்கள் ஏராளம். பார்வை மங்கிய ஒரு முதியவருக்கு மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொடுப்பவராகவோ, கடிதத்தை வாசித்துக்காட்டும் பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பவர் பெரும்பாலும் நம்மில் ஒருவர்தான். முதியவரின் பழைய கதைகளைக் கேட்க நேரமும் பொறுமையும் உள்ளவரும் பல இடங்களில் அவரே. அப்படிப்பட்டவர்கள் ஒரு விண்ணப்பத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கொண்டுசெல்ல என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் முதியவரின் மனத்தை மாற்ற முடியாது. ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ நாளிதழைத் தொடங்கிய சர் ஆர்தர் பியர்சன், குளுக்கோமா எனப்படும் கண் நீரழுத்த நோயால் பார்வையை இழந்தவர். முதல் உலகப்போரில் கண்ணிழந்து திரும்பிய வீரர்களுக்குத் தொழிலும் பிரெய்லும் கற்றுக்கொடுக்க அவர் 1915இல் இந்த அமைப்பைத் தொடங்கினார். இலண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவில் அது குடியேறிய மாளிகையின் பெயரே அமைப்பின் பெயராக நிலைத்தது. அவருக்குப் பின் 1921இல் பொறுப்பேற்று அரை நூற்றாண்டுக்கு மேல் அதை நடத்திய இயன் பிரேசர், 1916இல் பிரான்சின் சொம் போர்க்களத்தில் குண்டடிபட்டுப் பார்வையிழந்தவர். குண்டுச் சிதறல், எறிகுண்டு, மஸ்டர்ட் என்னும் நச்சு வாயு என்று போர்க்களமே பார்வையைப் பறித்த தலைமுறைக்காக உருவான அமைப்பு என்பதால், ‘போரில் கண்ணிழந்தவர்களின் சங்கம்’ என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஊறிவிட்டது. அந்தக் காலத்திலேயே கூட இந்த எல்லைக்கோடு அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. மஸ்டர்ட் வாயுவால் தாக்கப்பட்டுத் தேறியவர்கள் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கருவிழி மீண்டும் புண்ணாகிப் பார்வை போனது. இன்று அமைப்பு பார்வையிழப்புக்கான காரணத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. முதுமையில் வரும் மாகுலா சிதைவு (விழித்திரையின் மையப்பகுதி கெடுதல்), கண் நீரழுத்தம், நீரிழிவால் விழித்திரை கெடுதல், பக்கவாதம், விபத்து ஆகிய எதுவாயினும் சரி; படையில் இருந்தபோது நேர்ந்ததா, விட்டு அறுபது ஆண்டு கழித்து நேர்ந்ததா என்பதும் பொருட்டல்ல.

தயக்கத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. அரசு தரும் இழப்பீட்டில் காரணம்தான் எல்லாமே. 2005 ஏப்ரல் 6ஆம் தேதிக்கு முந்தைய பணியால் ஏற்பட்ட காயத்துக்கோ நோய்க்கோ ‘வார் பென்ஷன்’ திட்டமும், அந்தத் தேதி முதலான பணியால் ஏற்பட்டவற்றுக்குப் படையினர் இழப்பீட்டுத் திட்டமும் பொருந்தும். இரண்டிலும் பாதிப்பு படைப்பணியோடு தொடர்புடையது என்று காட்டியாக வேண்டும். ஒருமுறை பென்ஷன் கேட்டு மறுக்கப்பட்ட முதியவர், தொண்டு நிறுவனமும் அதே கதையைத்தான் சொல்லும் என்று முடிவு கட்டிவிடுகிறார். அரசு இழப்பீடும் இந்த அமைப்பின் உதவியும் வெவ்வேறு வாசல்கள் என்பதை அவருக்கு நிதானமாக எடுத்துச்சொல்லுங்கள். இங்கே சேர்பவருக்குப் பணம் கட்ட வேண்டிய சந்தா எதுவும் கிடையாது. ஏற்றுக்கொள்ளப்பட்டால் பயிற்சியும் கருவிகளும் துணையும் இலவசமாகவே கிடைக்கும்.

படைப்பணி: யார் அடங்குவர்?

பிரிட்டிஷ் அரசின் வரையறைப்படி, முப்படைகளில் ஒன்றில் ஒரே ஒரு நாள் பணியாற்றியிருந்தாலும் அவர் ‘வெட்டரன்’தான் (முன்னாள் படைவீரர்), முழுநேரப் படை, ரிசர்வ் படை என்ற வேறுபாடு இல்லை. ஆனால் எண்பத்தாறு, தொண்ணூறு வயதுக்காரர் ஒருவரிடம் “நீங்கள் வெட்டரனா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். “போரில் இருந்தீர்களா?” என்றாலும் அதே பதில். “நேஷனல் சர்வீஸ் செய்தீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள்; முகாமின் பெயர், அங்கே போட்ட சோறு, அதட்டிய சார்ஜென்டின் குரல் எல்லாம் வரிசையாக வெளியே வரும்.

நேஷனல் சர்வீஸ் என்பது 1949 முதல் 1960 வரை இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்கு அழைத்த ஏற்பாடு. முதலில் பதினெட்டு மாதமாக இருந்த பணிக்காலம், கொரியப் போர் மூண்ட 1950இல் இரண்டு ஆண்டாக உயர்த்தப்பட்டது. கடைசி ஆட்கள் 1963இல் வீடு திரும்பினார்கள். 1939 அக்டோபருக்கு முன் பிறந்த ஆண்கள் இதன் வரம்புக்குள் வந்தவர்கள். ஆக, இன்று முதியோர் இல்லங்களில் இருக்கும் மிக மூத்த பிரிட்டிஷ் ஆண்களில் ஒரு பெரும்பகுதியினர் ஏதோ ஓர் ஆண்டு சீருடை அணிந்தவர்கள். அவர்களில் பலர் துப்பாக்கியைப் பயிற்சித் திடலுக்கு வெளியே தொட்டதே இல்லை. யார்க்‌ஷயரின் கேட்டரிக் முகாமில் இரண்டு ஆண்டு தட்டச்சு செய்தவருக்கும், சமையற்கூடத்தில் உருளைக்கிழங்கு தோல் உரித்தவருக்கும், மலாயாக் காட்டில் கண்ணிவெடிக்கு நடுவே நடந்தவருக்கும் இந்த விதி ஒன்றே.

பெண்களைக் கேட்க மறந்துவிடுகிறோம். இரண்டாம் உலகப்போரில் தரைப்படையின் மகளிர் பிரிவான ஏ.டி.எஸ்., கடற்படையின் ‘ரென்ஸ்’, விமானப்படையின் ‘வாஃப்’ ஆகியவற்றில் பணியாற்றியவர்கள் இன்று நூறை நெருங்கியவர்கள் அல்லது கடந்தவர்கள். அதற்குப் பிந்தைய பல பத்தாண்டுகளிலும் படையின் மகளிர் பிரிவுகளில் செவிலியராகவும் தொலைபேசி இயக்குநராகவும் ஓட்டுநராகவும் இருந்த பெண்கள் உண்டு. கணவரின் பதக்கங்களைச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் பாட்டி, தாமும் இரண்டு ஆண்டு சீருடையில் இருந்ததைச் சொல்லாமலே விட்டுவிடுவார்.

இவற்றோடு இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வணிகக் கப்பல்களில் பணியாற்றியவர்களும், பிரிட்டிஷ் தலைமையின் கீழ்ப் போரிட்ட போலந்துப் படையினரும் இந்தியப் படையினரும் அமைப்பின் வரம்புக்குள் வருகிறார்கள். இந்தியப் படையினர் பற்றிப் பின்னால் தனியே சொல்கிறேன். படைவீரரின் மனைவியோ கணவரோ பிள்ளையோ அந்த உறவின் பேரில் சேர முடியாது. பள்ளிப் பருவத்தில் ‘கேடட்’டாக அணிவகுத்ததும் படைப்பணியாகாது, ஏனெனில் கேடட்கள் படையின் உறுப்பினர் அல்லர்.

பார்வை: எவ்வளவு குறைந்திருக்க வேண்டும்?

விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். ‘குருடு’ என்றால் இருட்டு என்று பொருள் கொள்ளும் வழக்கம் தமிழிலும் உண்டு, ஆங்கிலேயரிடமும் உண்டு. மருத்துவக் கணக்கு வேறு. சட்டப்படி பார்வையற்றவர் என்று சான்றளிக்கப்பட்டவர்களில் முழு இருட்டில் வாழ்பவர்கள் சிறுபான்மையினரே. வெளிச்சம், நிழல், எதிரே நிற்கும் ஆளின் உருவம் என்று ஏதோ ஒன்று பெரும்பாலோருக்குத் தெரியும்.

கண் மருத்துவர் இரண்டை அளக்கிறார். முதலாவது பார்வைக் கூர்மை. ஆறு மீட்டர் தொலைவில் உள்ள எழுத்துப் பலகையில் மேலே இருக்கும் ஒற்றைப் பெரிய எழுத்தை மட்டும் படிக்க முடிந்தால் அது 6/60. அதாவது நல்ல கண் அறுபது மீட்டரில் காண்பதை இவர் ஆறு மீட்டரில்தான் காண்கிறார். அந்த எழுத்தே தெரியாமல் பலகையை மூன்று மீட்டருக்குக் கொண்டுவந்த பிறகு தெரிந்தால் 3/60. அதற்கும் கீழே விரல் எண்ணுதல், கை அசைவு, ஒளி உணர்வு என்று அளவுகள் இறங்கும். கண்ணாடி அணிந்தே இந்த அளவு எடுக்கப்படும் என்பதைக் கவனியுங்கள். கண்ணாடியைக் கழற்றினால் ஒன்றுமே தெரியாது, போட்டால் பேப்பர் படிப்பேன் என்பவருக்கு இதில் இடமில்லை.

இரண்டாவது பார்வைப் புலம், அதாவது நேரே பார்த்துக்கொண்டிருக்கும்போது சுற்றிலும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பது. கூர்மையை மட்டுமே வைத்து நாமாகக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். கண் நீரழுத்தம் முற்றியவருக்கு மையத்தில் ஒரு குறுகிய வட்டம் மட்டும் தெளிவாக எஞ்சியிருக்கும். அந்த வட்டத்துக்குள் அவர் செய்தித்தாளின் தலைப்பை வாசித்துவிடுவார், ஆனால் எழுந்து நடந்தால் காலடியில் இருக்கும் முக்காலியில் இடறி விழுவார். “தாத்தா பேப்பர் படிக்கிறாரே, அவருக்கு எப்படிப் பார்வை இல்லை என்பது?” என்று குடும்பத்தாரே கேட்பார்கள். மாகுலா சிதைவு இதற்கு நேர் எதிர்: நடக்கும் வழி ஓரளவு தெரியும், எதிரே நிற்பவரின் முகம் மட்டும் தெரியாது.

இங்கிலாந்தில் இந்த இரண்டு அளவுகளையும் சேர்த்து எடைபோட்டுத் தருவதே பார்வைக் குறைபாட்டுச் சான்றிதழ். மருத்துவமனையில் அதைச் ‘சி.வி.ஐ.’ என்பார்கள். அதில் இரண்டு நிலைகள் உண்டு. ‘கடுமையான பார்வைக் குறைபாடு’ என்ற நிலைக்கு, புலம் முழுமையாக இருந்தாலும் கூர்மை 3/60க்குக் கீழே இருக்க வேண்டும். அல்லது கூர்மை 3/60க்கும் 6/60க்கும் இடையே இருந்து புலம் மிகவும் சுருங்கியிருக்க வேண்டும். அல்லது கூர்மை 6/60க்கு மேலே இருந்தாலும் புலம், குறிப்பாகக் கீழ்ப்பாதி, மிகக் கடுமையாகக் குறைந்திருக்க வேண்டும். ‘பார்வைக் குறைபாடு’ என்ற அடுத்த நிலை சற்று விரிவானது: முழுப் புலத்துடன் 3/60 முதல் 6/60 வரை, மிதமாகப் புலம் குறைந்தவர்க்கு 6/24 வரை, புலத்தின் பெரும்பகுதி போனவர்க்கு 6/18 அல்லது அதைவிட நல்ல கூர்மை இருந்தாலும் கூட. இந்தக் கடைசி வகையில்தான் பக்கவாதத்தால் பார்வையில் பாதி அழிந்தவர்கள் வருகிறார்கள். அவர்களுடைய கண்ணில் பழுதே இருக்காது, பழுது மூளையில். அதனால் நரம்பியல் பிரிவிலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள், கண் பிரிவுக்கு யாரும் அனுப்பியே இருக்க மாட்டார்கள். தட்டில் ஒரு பக்கத்துச் சோற்றை மட்டும் உண்டு மறுபக்கத்தை அப்படியே விட்டுவிடும் முதியவரைக் கண்டால், பசியில்லை என்று எழுதி வைக்கும் முன் பார்வைப் புலத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இந்த அளவுகளெல்லாம் இரண்டு கண்களையும் சேர்த்துப் பார்ப்பவை. குண்டுவெடிப்பில் ஒரு கண்ணை முற்றிலும் இழந்து மறு கண்ணில் 6/6 என்ற இயல்பான பார்வை உள்ளவருக்கு இந்தச் சான்றிதழ் கிடைக்காது; பார்வையிழந்தோர் அமைப்பிலும் இடம் கிடைக்காது. போர்முனையில் கண்ணைக் கொடுத்தவர் வெளியே நிற்க, கோப்பு எழுதிவிட்டு வீடு திரும்பி எண்பத்தைந்தில் மாகுலா சிதைவு வந்தவர் உள்ளே போவது சிலருக்கு நியாயமாகப் படாது. ஆனால் இந்த அமைப்பின் வேலை வீரத்துக்குப் பரிசளிப்பதன்று. பார்வை இல்லாமல் ஒரு நாளை நகர்த்தக் கற்றுக்கொடுப்பது. ஒற்றைக் கண்ணை இழந்தவர் நாட வேண்டியது மேலே சொன்ன அரசு இழப்பீட்டுத் திட்டத்தை. பின்னாளில் மறு கண்ணிலும் பார்வை குறைந்தால் அப்போது அவரும் இங்கே விண்ணப்பிக்கலாம்.

சான்றிதழில் கையொப்பமிடுபவர் மருத்துவமனையின் மூத்த கண் மருத்துவர். கடைத்தெருக் கண்ணாடிக் கடையின் கண் பரிசோதகர் பார்வையை அளந்து மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பார். இங்கிலாந்தில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் கண் பரிசோதனை இலவசம். தனியே வெளியே வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ வந்து சோதிக்கும் ஏற்பாடும் இருக்கிறது. “இன்னும் கண்ணுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன், சிகிச்சை முடியட்டும்” என்று பலர் காத்திருக்கிறார்கள். சிகிச்சை நடந்துகொண்டிருப்பது சான்றிதழுக்குத் தடையாகாது. மருத்துவரிடம் நேராகக் கேட்டுவிடலாம். அவசரத்தில் அவர் மறந்தாலும், பெரிய கண் மருத்துவமனைகளில் ‘எக்லோ’ எனப்படும் தொடர்பு அலுவலர் இருப்பார்; இந்தக் காரியத்துக்கு அவரைப் போல் உதவக்கூடியவர் வேறு யாரும் இல்லை.

சான்றிதழின் ஒரு படி உள்ளாட்சி மன்றத்துக்கும் போகும். அங்கிருந்து பார்வைக் குறைபாடுடையோர் பதிவேட்டில் சேர விருப்பமா என்று கேட்பார்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. கடுமையான குறைபாடுடையவர்களுக்குத் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தில் பாதி குறையும். வருமான வரி கட்டுபவராக இருந்தால் அதிலும் தனிச் சலுகை உண்டு.

சான்றிதழில் இரண்டாவது நிலை மட்டும் எழுதியிருந்தால் விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். யாரை ஏற்பது என்பதை அமைப்பு, கண் மருத்துவரின் அறிக்கையைப் பார்த்துத் தானே முடிவு செய்கிறது. அந்தத் தீர்ப்பை நாம் வீட்டு மேசையில் உட்கார்ந்து வழங்க வேண்டியதில்லை.

கையில் வைத்திருக்க வேண்டிய தாள்கள்

படைப்பணிக்கு ஆதாரமாக எல்லாவற்றிலும் பெரிய துணை, படை எண். நேற்று உண்டது மறந்துபோன முதியவர் கூடத் தம் படை எண்ணைத் தடுமாறாமல் சொல்வதைக் காணலாம். சொன்னவுடன் எழுதிக்கொள்ளுங்கள். நேஷனல் சர்வீஸில் தரைப்படைக்குப் போனவர்களின் எண் பெரும்பாலும் 22 அல்லது 23 என்று தொடங்கும் எட்டு இலக்க எண்ணாக இருக்கும். எண் நினைவில்லை என்றால் முழுப்பெயர், பிறந்த தேதி, படைப்பிரிவின் பெயர், சேர்ந்ததும் விட்டதும் ஆன ஆண்டுகள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். சேர்ந்தபோது என்ன பெயரில் சேர்ந்தார் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாறிய பெண்களும், ஆங்கிலேயர் வாய்க்கு எளிதாகும்படி பெயரைச் சுருக்கிக்கொண்ட போலந்துக்காரர்களும், வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த பையன்களும் பதிவேட்டில் வேறொருவராக இருப்பார்கள்.

அலமாரியின் அடித்தட்டில் இருக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்க்கச் சொன்னால், தரைப்படைக்காரர் என்றால் ‘ஏ.பி. 64’ என்று அட்டையில் அச்சிட்ட சிறிய சம்பளப் புத்தகம் கிடைக்கலாம். கப்பலில் இருந்தவரென்றால் ஒவ்வொரு பயணமும் முத்திரையிடப்பட்ட ‘டிஸ்சார்ஜ் புக்’. பதக்கங்கள் இருந்தால் மகிழ்ச்சி, ஆனால் அவற்றை மட்டும் நம்ப முடியாது. இரண்டாம் உலகப்போருக்காகப் பிரிட்டன் தன் வீரர்களுக்கு வழங்கிய விண்மீன் வடிவப் பதக்கங்களில் பெயர் பொறிக்கப்படவில்லை. பெயரில்லாத பதக்கம் யாருடையது என்பதைப் பதக்கம் சொல்லாது. நேஷனல் சர்வீஸில் முகாமோடு நின்றவர்களுக்கோ பதக்கமே கிடையாது.

டப்பாவில் ஒன்றும் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். விண்ணப்பதாரரின் ஒப்புதலோடு படைப்பணியை உரிய பதிவு அலுவலகத்தில் சரிபார்க்கும் வேலையை அமைப்பே ஏற்றுக்கொள்கிறது. தாமே தம் பதிவைப் பெற விரும்பினால், உயிரோடு இருப்பவர் தம்மைப் பற்றிய பதிவைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம். பாதுகாப்பு அமைச்சகம் 2022 முதல் தன்னிடமிருந்த பழைய படைப்பதிவுகளைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி வருகிறது. 1963க்குள் படையை விட்டவர்களுடைய தொண்ணூறு இலட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் இதில் அடங்கும். நேஷனல் சர்வீஸ்காரர்கள் அனைவரும் இந்தக் காலத்தவர் என்பதால், அவருடைய கோப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டறிந்த பின் எழுதுவது அலைச்சலைக் குறைக்கும். முன்னாள் படைவீரர் அடையாள அட்டையையும் 2024 ஜனவரி முதல் எந்தக் காலத்தில் படையை விட்டவரும் கேட்டுப் பெறலாம். அது இல்லாமலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஒருமுறை வாங்கிவிட்டால் பிற இடங்களிலும் பயன்படும்.

கண் தொடர்பாக, மருத்துவமனையின் பெயர், மருத்துவரின் பெயர், கடைசியாகப் போன தேதி, பத்து இலக்க என்.எச்.எஸ். எண் ஆகியவை தேவைப்படும். சந்திப்புக்கு அழைத்து வந்த ஒரே ஒரு கடிதத்தில் இவை பெரும்பாலும் அனைத்தும் இருக்கும். அதன் மேல் மூலையில் அச்சிட்டிருக்கும் மருத்துவமனை எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொண்டால் அறிக்கை விரைந்து வரும்.

விண்ணப்பிக்கும்போது

தொலைபேசியிலோ இணையத்திலோ அமைப்பைத் தொடர்புகொள்ளலாம். வேறொருவர் அவர் சார்பில் பேசவும் தடையில்லை. ஆனால் அவருக்குத் தெரியாமல் எதையும் தொடங்காதீர்கள். கண் மருத்துவரும் படைப் பதிவு அலுவலகமும் அவருடைய ஒப்புதல் இல்லாமல் ஒரு வரி கூடத் தர மாட்டார்கள், அது சட்டம். ஒலிபெருக்கியில் தொலைபேசியை வைத்து, அவரையே பேசவிட்டு, திணறும் இடத்தில் மட்டும் எடுத்துக்கொடுப்பதே சிறந்த முறை. கையொப்பம் வேண்டியிருந்தால், தடித்த அட்டையில் நீள்சதுரமாக ஒரு திறப்பு வெட்டிக் கையொப்பக் கோட்டின்மேல் வைத்து அவர் விரலை அதில் பொருத்திவிடுங்கள். நடுங்கும் கையும் நேராக எழுதும்.

மறதி நோயால் தாமே முடிவெடுக்க இயலாத நிலையில் இருப்பவருக்கு, அவர் தெளிவாக இருந்த காலத்தில் எழுதிக்கொடுத்த நிலையான அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்று குடும்பத்தாரிடம் கேளுங்கள். பணமும் சொத்தும் தொடர்பானது ஒன்று, உடல்நலமும் பராமரிப்பும் தொடர்பானது இன்னொன்று என்று அதில் இரண்டு வகை உண்டு. எது கைவசம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது பின்னால் வரும் கடிதப் போக்குவரத்தை மிச்சப்படுத்தும். முதியோர் இல்லத்தில் பணிபுரிபவர்கள் மேலாளரிடம் சொல்லிவிட்டு, குடும்பத்தாரின் வழியாகவே இதைச் செய்யுங்கள். நல்லெண்ணத்தில் தானாகப் படிவம் நிரப்பப் போய் வேலைக்குச் சிக்கலைத் தேடிக்கொள்ள வேண்டாம்.

மறுப்பு வந்தால் காரணத்தைப் படித்துப் பாருங்கள். படைப்பதிவு கிடைக்கவில்லை என்பது பெயர் அல்லது பிறந்த தேதிக் குழப்பமாக இருக்கலாம். பார்வை இன்னும் அந்த அளவுக்குக் குறையவில்லை என்பது அன்றைய நிலவரம் மட்டுமே. மாகுலா சிதைவும் கண் நீரழுத்தமும் நாளுக்கு நாள் கூடும் நோய்கள். அடுத்த கண் பரிசோதனையில் அளவு மாறியிருந்தால் புதிய அறிக்கையோடு மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

இந்தியப் படையில் இருந்தவர்கள்

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சுமார் இருபத்தைந்து இலட்சம் பேர் தாமாக முன்வந்து சேர்ந்தார்கள். மதராஸ் ரெஜிமென்ட்டிலும் மதராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படையிலும் தமிழர்கள் நிறைந்திருந்தார்கள். அந்தத் தலைமுறையில் உயிரோடு இருப்பவர் எவரும் இன்று நூறை ஒட்டிய வயதினர். பிரிட்டனில் மகன் வீட்டிலோ பேத்தி வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்து, பார்வையும் போயிருந்தால், ‘நமக்கெங்கே’ என்று தள்ளிவிடாமல் அமைப்பைக் கேட்டுவிடுங்கள். உதவி அந்தப் பெரியவருக்கானது. அவர் மறைந்த பின் அவருடைய பணியைக் காட்டி வாரிசுகள் உரிமை கோர இயலாது.

இந்த அமைப்பின் கிளை வேர் ஒன்று இந்தியாவிலும் ஊன்றியது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. 1915இல் துருக்கியின் கலிப்போலி போர்முனையில் கண்ணிழந்த நியூசிலாந்துக்காரரான சர் குளூதா மெக்கன்சி, 1943இல் டேராடூனில் போரில் பார்வையிழந்த இந்திய வீரர்களுக்காகச் செயின்ட் டன்ஸ்டன்ஸ் விடுதியைத் தொடங்கினார். சுதந்திரத்துக்குப் பின் அந்த விதையிலிருந்துதான் அங்கே இன்றுள்ள தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனம் வளர்ந்தது. செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்ற பெயரிலேயே பார்வையிழந்த படைவீரர்களுக்கான பராமரிப்பு அமைப்பு ஒன்றும் டேராடூனில் உண்டு. கொடிநாள் நிதியிலிருந்து அதற்கு மானியம் போகிறது.

1947க்குப் பின் இந்தியப் படையில் சேர்ந்து ஓய்வு பெற்றவருக்குப் பிரிட்டிஷ் அமைப்பில் இடமில்லை. தமிழ்நாட்டில் இருப்பவர் அணுக வேண்டிய இடம் தம் மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்கே போகும்போது படையிலிருந்து விடுவிக்கப்பட்ட சான்றையும், முன்னாள் படைவீரர் அடையாள அட்டையையும், பார்வைக் குறைபாட்டுக்கான மருத்துவச் சான்றையும் கொண்டுசெல்லுங்கள். இந்தியாவின் அளவுகோல் பிரிட்டனுடையதிலிருந்து சற்று மாறுபடும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரு கண்களில் நல்ல கண்ணில், கண்ணாடி அணிந்த பின்னும், கூர்மை 3/60க்குக் கீழே அல்லது புலம் 10 பாகைக்குக் கீழே இருந்தால் பார்வையின்மை. 6/18க்கும் 3/60க்கும் இடையே இருந்தாலோ புலம் 40 பாகைக்குக் கீழே சுருங்கியிருந்தாலோ குறைபார்வை. ஆகவே பிரிட்டனில் வாங்கிய சான்றிதழைச் சென்னையிலோ, சென்னையில் வாங்கிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை இலண்டனிலோ அப்படியே நீட்டினால் வேலை நடக்காது. அந்தந்த நாட்டில் கண்ணை மறுபடி அளந்து அந்த நாட்டுத் தாளில் எழுதி வாங்க வேண்டும்.